இசையும் உரிமையும்

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலைச் சாரலை அடுத்து விளங்குவது அரும்பாவூர். அவ்வூர்ச் சிற்பியர் மரத்தில் தெய்வத் திருவுருவங்களைச் செதுக்குவதில் கைதேர்ந்தவர். அவர்தம் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. ஒரு சிற்பத்தை விலை கொடுத்து வாங்கியவர் அதனைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றலாம். ஆயினும், வேற்றூரிற் செய்த சிற்பத்தை ‘அரும்பாவூர்ச் சிற்பம்’ எனக் கூறி விற்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. பொருள் வேறு, அதன்மேல் அமைந்த உரிமை வேறு.

கையால் தொடத்தக்க மரச்சிற்பத்துக்கே இவ்வேறுபாடு உண்டெனின், காதால் மட்டும் கேட்கத்தக்க இசைக்கு உரியவர் யாவர்? இவ்வினா இக்காலத்தில் நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது. கித்தார் பயிற்றும் ஆசிரியர் ஒருவர், ஒரு பாடலை வாசிக்கும் முறையைக் கைபேசியிற் படம்பிடித்து, அன்றே உலகோர் அனைவர்க்கும் இணையத்தில் வழங்கலாம். அங்ஙனம் வழங்குமுன் அவர் இரண்டனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒன்று உரிமை, மற்றொன்று வடிவம். இவ்விரண்டையும் விளக்கும் வரலாறுகள் எட்டயபுரம் என்னும் ஓரூரோடு தொடர்புடையனவாக இருத்தல் வியப்பிற்குரியது.

எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார் 1921ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் குடும்பத்தாரை வறுமை வாட்டியது. அவருடைய நூல்களின் உரிமை விலைபோயிற்று. பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டிற் பதியவும் உள்ள உரிமையோ தனியே கைமாறி, படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பரிடம் வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பில்கணன்’ படத்தில் நாடகக் கலைஞர் தி. க. சண்முகம் பாரதியார் பாடலைப் பயன்படுத்தியபோது வழக்கு எழுந்தது. நாட்டு விடுதலைக்காகப் பாடியவரின் பாட்டுக்கே விடுதலை இல்லையா என்று அறிஞர் பலர் வருந்தினர். 1949ஆம் ஆண்டில் சென்னை அரசு பாரதியார் நூல்களின் உரிமையைத் தானே ஏற்றது. மெய்யப்பர் பொருள் எதுவும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பின்னர் அரசு அவ்வுரிமையைப் பொதுமக்களுக்கே உரியதாக்கியது. அக்காலச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பாடல்கள் பொதுவாகியிருக்கும்.

இவ்வரலாற்றைக் கேட்போர், பதிப்புரிமையே தீயது என்று எண்ணிவிடலாகாது. உழைத்து நூல் செய்தவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் ஊண் அளிப்பது அவ்வுரிமையே. அது நல்விலை பெறாமற் போனமையே அக்குடும்பத்தின் துயரை மிகுவித்தது. ஆகவே, படைத்தவர்க்கு ஒரு காலம் வரை பயன். அதன்பின் உலகினர்க்குப் பொது என்பதே சட்டம் கண்ட நடுவழி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிற்காலத் திருத்தத்தின்படி, நூலுக்கும் இசைக்கும் படைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் காவல் அளிக்கிறது. ஒலிப்பதிவுக்கு வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள் காவல் உண்டு.

இங்கு ஒரு நுட்பம் உணரத்தக்கது. பாடல் ஒன்றாயினும் அதன்கண் உரிமைகள் பல. சொல் கவிஞருடையது; மெட்டு இசையமைத்தவருடையது; ஒலிப்பதிவு அதனை வெளியிட்டவருடையது. பாரதியாரின் சொற்கள் இன்று யாவர்க்கும் பொது. அவற்றைத் தாமே மெட்டமைத்துக் கித்தாரில் வாசித்துக் கற்பிக்கும் ஆசிரியரைத் தடுப்பார் இலர். ஆனால், அண்மையில் ஒருவர் அமைத்த மெட்டை எடுத்தாள்வதற்கும், அவர்தம் ஒலிப்பதிவை அப்படியே சேர்ப்பதற்கும் இசைவு வேண்டும். வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் பாடத்தின் பொருட்டுப் பயன்படுத்துவதற்குச் சட்டம் இடந்தருகிறது. உலகமெல்லாம் காணுமாறு இணையத்தில் ஏற்றுவதோ அதனினும் வேறான செயல். பிறர் ஆக்கிய பாடக் காணொளியைப் படியெடுத்துத் தம்முடையதுபோல் வெளியிடுவதும் முறையன்று. அக்காணொளி இருக்குமிடத்தின் இணைப்பை நண்பர்க்கு அனுப்புதலே நேரிய வழி. தம் பாடத்தைப் பிறர் தடையின்றி வழங்கலாம் என விரும்பும் ஆசிரியர், அவ்விருப்பத்தைக் கிரியேட்டிவ் காமன்சு உரிமம் வாயிலாக முன்னரே அறிவித்துவிடலாம். அவ்வுரிமங்கள் 2002ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளன.

இனி, வடிவத்தை நோக்குவோம். அதே எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டில் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை வெளியிட்டார். தம் குடும்பத்தார் வழிவழியாகக் காத்த இசைச் செல்வத்தை அவர் மறைக்காமல் சுரக்குறிப்புடன் உலகுக்கு ஈந்தார். ஆயினும் அந்நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. அவ்வெழுத்தறியாத தமிழ் மாணவர்க்கு அது பூட்டிய பேழையாகவே இருந்தது. பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழ் எழுத்தில் வெளியிட்ட பின்னரே அவர்க்கு அப்பேழை திறந்தது. கொடை பெரிதாயினும், பெறுவோர் கைக்கு எட்டும் வடிவில் அமைந்தாலன்றிப் பயன் நிரம்பாது.

காணொளிப் பாடமும் அத்தகையதே. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பு, விலை கொடுத்து அதனை வாங்க இயலாத மாணவனைப் புறத்தே நிறுத்துகிறது. எளிய கைபேசியிலும் திறக்கும் எம்பி4 போன்ற வடிவமே ஏற்றது. அளவு மிகப் பெரிதாயின், சிற்றூர் மாணவனின் இணையக் கட்டணம் ஒரு பாடத்திலேயே தீர்ந்துபோகும். ஆதலின், விரல்கள் தந்திமேற் படியுமிடம் தெளிவாகத் தெரியும் அளவிற் படத்தைச் சுருக்கலாம். ஒலியைத் தனிக் கோப்பாகவும், சுரக்குறிப்பை ஒருங்குறி எழுத்திலும் உடன் அளிக்கலாம். மீண்டும் மீண்டும் சுருக்குந்தோறும் தெளிவு குன்றுமாதலின், முதற் பதிவை மாற்றாமல் பாதுகாத்தல் நன்று.

இசைவு பெற்று, படைத்தவர் பெயரைச் சுட்டி, எளியோனுக்கும் எட்டும் வடிவிற் பாடம் வழங்குவோர், கற்பிக்கும் கடமையைக் குறைவற ஆற்றியவராவர். பாரதியார் குடும்பத்தார் பட்ட துயர் இனி ஒரு கலைஞன் வீட்டில் நேராதவாறு காப்பதும், சுப்பராம தீட்சிதரின் ஈகையைப் பின்பற்றுவதும் ஒருசேர இயலும் என்பதை மாணவர் உணர்ந்து ஒழுகுதல் வேண்டும்.