சோலைக் கம்பளம்

கலைப்பொருள்களிற் காணும் பூவும் கொடியும் கண்ணுக்கு இனிமை பயத்தற்கே அமைந்தன என்று பலர் கருதுவர். அவை ஒரு நாட்டாரின் உழைப்பையும் வேட்கையையும் உணர்த்தும் எழுத்துக்களாகவும் நிற்றலைப் பாரசீகக் கம்பளங்களைக் கொண்டு யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பாரசீகத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் வறண்ட மேட்டுநிலமாகும். ஆங்கே சோலை தானே விளைவதன்று. மலையடிவாரத்து நிலத்தடி நீரைக் 'கனாத்' என்னும் சுரங்கக் கால்வாய் வழியே கொணர்ந்து, சுற்றிலும் மதிலெடுத்து, மக்கள் பாடுபட்டு ஆக்குவதாம். மதில் சூழ்ந்த இடத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல்லே கிரேக்க மொழியின் வாயிலாகப் பரவி, நம் தமிழ் வேதாகமத்திற் 'பரதீசு' என வழங்குகின்றது. நீர் அரிதாகிய நாட்டிற் பிறந்த சோலைப்பெயர் பேரின்ப உலகிற்கு வாய்த்தது பொருத்தமே அன்றோ?

வாய்க்கால்களால் நான்காக வகுத்த சோலையைச் 'சாகார் பாக்' என்பர்; 'நான்கு தோட்டம்' என்பது அதன் பொருள். கம்பளம் நெய்வோர் இவ்வமைப்பை மேலிருந்து நோக்குவார்போல் வகுத்தனர். நேரிய பட்டைகள் வாய்க்கால்களாயின. அவற்றுள் நெளியும் கோடுகள் நீராயின. நீரில் மீன்கள் நீந்தின. மரங்களையோ பக்கத்தினின்று காண்பார்போற் காட்டினர். இருவகைப் பார்வையும் ஒரே பரப்பில் இயைந்து நிற்றலே இக்கலையின் நுட்பம். கிளாஸ்கோ நகரத்துப் பர்ரெல் காட்சிச்சாலையிலுள்ள 17ஆம் நூற்றாண்டுக் கம்பளமும், ஜெயப்பூரிலுள்ள 1632ஆம் ஆண்டுக் குறிப்புடைய கம்பளமும் இதற்குத் தக்க சான்றுகளாம்.

இவற்றினும் முற்பட்டது தெசிபோன் அரண்மனையில் இருந்த பெருங்கம்பளம். பொன்னும் பட்டும் மணியும் இழைத்த அதன்மேல், மலர்கள் மறைந்த குளிர்காலத்தில் அரசர் அமர்ந்து விருந்து அயர்ந்தனர் என்று வரலாற்றாசிரியர் தபரி குறிப்பர். கி.பி. 637இல் அந்நகர் அராபியர் வசமாயிற்று. கம்பளம் மதீனாவுக்கு அனுப்பப்பெற்று, துண்டு துண்டாக வெட்டிப் பங்கிடப்பட்டது. அலி தம் பங்கை 20,000 திர்ஹத்துக்கு விற்றனர் என்பதும் தபரி கூற்றே. துண்டுக்கு விலை இருந்தது. சோலை மட்டும் இல்லாதொழிந்தது.

மற்றொரு வெட்டு வேறு வகையினது. 1539-40இல் முடிந்த அர்தபீல் கம்பளத்தில் மக்ஸூத் காஷானியின் பெயர் நெய்யப்பட்டுள்ளது. ஓர் அங்குலச் சதுரத்தில் ஏறத்தாழ 340 முடிச்சுக்கள் இட்டு, பரப்பெங்கும் பூங்கொடி படரவிட்டனர். இஃது இரட்டைக் கம்பளங்களுள் ஒன்று. சிதைந்திருந்த இதனை 19ஆம் நூற்றாண்டில் மற்றதன் பகுதிகளைக் கொண்டே செப்பனிட்டனர். நிறைவுற்றதனை 1893இல் 2,000 பவுன் கொடுத்து இலண்டன் காட்சிச்சாலையார் வாங்கினர். விளிம்பிழந்து சிறுத்த அதன் இணை இன்று லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் உள்ளது.

இவ்விரு செய்திகளையும் ஒப்புநோக்கின் ஓருண்மை புலனாகும். முன்னதில் மணிகள் எஞ்சின, அமைப்பு அழிந்தது. பின்னதில் ஒன்று குறைந்தும் மற்றொன்றில் அமைப்பு பிழைத்தது. அலங்காரத்தின் உயிர் விலையுயர்ந்த பொருளில் இல்லை. பூ தனக்குரிய இடத்தில் நிற்கும் ஒழுங்கில் உள்ளது. ஆதலின், மாணவ நண்பர்களே, காட்சிச்சாலையில் ஒரு பூவேலையைக் காணும்போது அப்பூவை மட்டும் தனியே பறித்து நோக்கற்க. அஃது எந்த வாய்க்காலின் கரையில் நிற்கின்றது, அவ்வாய்க்காலுக்கு நீர் கொணர்ந்த கைகள் எவை என்று வினவுவோமாக.