பனியன் கம்பெனிக்கும் பால்வாடிக்கும் என்ன சம்பந்தம்?

“பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கன்வாடி இருக்கிறதே, அது அரசாங்கத்தின் வேலை.”

தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கம்பெனியிலேயே காப்பகம் வேண்டும் என்று முதலாளிகளிடம் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். மாதங்களை எண்ணிப் பார்த்தால் இது நிற்காது. மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஆக, தாய் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு நாலு முதல் ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். தமிழ்நாட்டு அங்கன்வாடியில் பிள்ளையை உட்காரவைப்பதோ இரண்டு வயதுக்கு மேல். அதுவரை அங்கே சத்துமாவு வாங்கிக்கொண்டு வரலாமே தவிர, பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது. இந்த ஒன்றரை வருடத்துக்கு வீட்டில் மாமியாரோ அம்மாவோ இருந்தால் வண்டி ஓடும். இல்லாவிட்டால் வேலை போகும். இரண்டு வயதுக்குப் பிறகும் பாடு தீராது. மாலையில் மையத்தைப் பூட்டும் நேரத்தில் பனியன் கம்பெனியில் தையல் லைன் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

“அதெல்லாம் பெண்கள் அதிகமாக இருக்கும் ஆலைகளுக்குத்தான்.”

பழைய சட்டத்தை வைத்துச் சொல்கிறார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017 மகப்பேறு நலத் திருத்தம் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஆணோ பெண்ணோ, 50 ஊழியர்கள் இருந்தால் காப்பகம் கட்டாயம். பெண்களை எண்ணித்தான் காப்பகம் என்றால், முப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று முதலாளிக்குத் தோன்றாதா? எண்ணிக்கையைப் பொதுவாக்கியது நல்ல வேலை.

“எங்களிடம் க்ரஷ் இருக்கிறது சார்.”

இருக்கிறது. ஆடிட் வரும் நாளில் பூட்டைத் திறப்பார்கள். தொட்டிலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும். சுவரில் ஏபிசிடி சார்ட் ஒன்று, தரையில் ஒரு பொம்மையின் கீறல்கூட இருக்காது. பார்த்துக்கொள்ள யார் என்று கேட்டால், பீஸ் மடிக்கும் அக்காவைக் கைகாட்டுவார்கள். அறையைக் கட்டச் செலவழிக்கும் நிர்வாகம் ஆயா சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்வி என்பது சார்ட்டில் இல்லை, அந்த ஆயாவிடம்தான் இருக்கிறது. முகம் பார்த்துப் பேசுவது, கதை சொல்வது, கேட்ட கேள்விக்கு அலுக்காமல் பதில் சொல்வது, மண்ணிலும் தண்ணீரிலும் விளையாட விடுவது எல்லாம் பாடம்தான்.

இதைக் கண்டுபிடிக்க இன்றைய மூளை ஆராய்ச்சி வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. 1816இல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஆலையை ஒட்டியே பள்ளி திறந்தார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, புத்தகத்தைத் திணிக்கக் கூடாது என்பது ஆசிரியர்களுக்கு அவர் போட்ட உத்தரவு. ஆட்டமும் பாட்டும் இருந்தன. ஆலையும் லாபத்தில்தான் ஓடியது.

“ஒரு ரூபாய் போட்டால் பல மடங்கு திரும்ப வரும்.”

இது காப்பகம் கேட்கும் தரப்பின் நம்பிக்கை, நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது. இதையும் திருத்தத்தான் வேண்டும். 1962இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் உடன் ஆய்வாளர்களும் அதிலிருந்து ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் ஆதாயம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் அந்த ஆதாயம் யாருக்கு? வளர்ந்த பிள்ளையின் கூடுதல் சம்பளம், குறைந்த குற்றங்கள், அரசுக்கு வந்த வரி என்று ஊருக்குப் பிரிந்து போகிறது. பணம் போட்ட கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் அது வராது. வரும் என்று ஆசை காட்டினால், மூன்றாம் வருடம் முதலாளி கையை விரித்துவிடுவார்.

கம்பெனிக்குக் கிடைப்பது வேறு. கைக்கெட்டுகிற தூரத்திலேயே இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கை பழகிய ஓவர்லாக் டெய்லர் நின்றுபோனால் லைனே தடுமாறும். புது ஆள் அந்த வேகத்துக்கு வர மாதக்கணக்காகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விழும் லீவும், ஷிப்மென்ட் நேரத்தில் காலியாகக் கிடக்கும் மெஷினும் எவ்வளவு என்பது புரொடக்‌ஷன் மேனேஜருக்குத் தெரியும்.

“சிஎஸ்ஆர் கணக்கில் எழுதிக்கொள்ளலாமே?”

முடியாது. 2013 கம்பெனிகள் சட்டப்படி வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும்; சொந்த ஊழியர் குடும்பங்களுக்கு மட்டும் பயன்படும் செலவு அதில் சேராது. காப்பகம் சட்டக் கடமை. சிஎஸ்ஆர் பணம் பக்கத்து அங்கன்வாடிக்குப் போகலாம். ஆனால் சுவரில் கார்ட்டூன் வரைந்து, அதைவிடப் பெரிதாகக் கம்பெனி பெயரை எழுதிவிட்டு வருவதோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்தக் காசில் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பயிற்சி கொடுத்திருக்கலாம்.

“சின்ன யூனிட், எங்களால் தாங்காது.”

தனியாக நடத்தச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பல நிறுவனங்கள் பணம் சேர்த்துப் பொதுக் காப்பகம் நடத்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இடம் தருகிறது. ஒரே தெருவில் பத்து ஜாப்-ஒர்க் யூனிட் இருக்கும் திருப்பூருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. ஐம்பது பேர் இல்லாத யூனிட்டும் அதில் ஒரு பங்கு போட்டுக்கொள்ளலாம்.