வானத்திலிருந்து வெள்ளத்தை அளத்தல்

2016 மே நடுப்பகுதியில் பெய்த பெருமழையால் களனி கங்கை பெருக்கெடுத்தது. கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலப் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. அப்போது பத்தரமுல்லையிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் செய்மதிப் படங்களைக் கொண்டு வெள்ளம் நின்ற இடங்களை வரைந்தது. நிவாரணமும் நட்டஈடும் பற்றிப் பேசும் மேசையில் இத்தகைய படம் விரிக்கப்படலாம். இடம்பெயர்ந்து பட்டினத்து ஓரத்தில், தாழ்நிலத்தில் குடியிருக்கும் நாமும் அதை வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

சாதாரணக் கமராவுள்ள செய்மதிக்கு முகிலுக்குக் கீழே எதுவும் தெரியாது. வெள்ளக் காலத்தில் முகிலுக்கா பஞ்சம்? ஆகையால் றேடார் செய்மதியே உதவுகிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014 ஏப்ரலில் ஏவத் தொடங்கிய சென்ரினல்-1 வரிசை இவ்வகையானது. ஏறக்குறைய 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அது வானலைகளைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. இரவும் முகிலும் அதற்குத் தடையல்ல.

இரவில் குளக்கட்டில் நின்று, அசையாத நீரின்மேல் ரோச் லைற்றைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வெளிச்சம் அப்பாற் போய்விடும். உங்கள் கண்ணுக்குத் திரும்பாது. பற்றைமேல் அடித்தால் திரும்பும். றேடார் படத்திலும் அப்படியே நீர் கறுப்பாகவும் தரை சாம்பல் நிறமாகவும் தெரியும். ஆனால் குளமும் நீர் கட்டிய வயலும் எப்போதுமே கறுப்புத்தான். எனவே வெள்ளத்துக்கு முந்திய படத்தை அருகில் வைத்து, புதிதாகக் கறுத்த இடத்தை மட்டும் வெள்ளம் எனக் கொள்வார்கள். காற்றடித்து நீர் அலையெறிந்தால் இக்கணக்கும் பிசகும்.

வயல்வெளியில் நன்றாகச் செல்லும் இம்முறை பட்டினத்தில்தான் தடுமாறுகிறது. வீதியில் நிற்கும் நீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதிச் செய்மதிக்கே திரும்பிவிடும். வெள்ளம் நின்ற ஒழுங்கை கறுப்பதற்குப் பதிலாக முன்னரிலும் வெளிச்சமாகத் தெரியலாம். மாறாக, காய்ந்த தார் வீதி கறுப்பாகத் தெரியும். இந்தச் செய்மதி வழமையாக எடுக்கும் படத்தில் ஏறத்தாழ 20 மீற்றருக்குக் குறைந்த இடைவெளிகள் பிரிந்து தெரியா. நெருக்கமான குடிசைகளுக்கிடையே இடுப்பளவு நீர் நின்றாலும் படம் அதைக் காட்டாது போகலாம். ஆகவே படத்தில் கறுப்பு இல்லை என்பதற்காக அங்கே வெள்ளம் வரவில்லை என்று யாரும் முடிவுகட்டுவதை நாம் ஏற்கத் தேவையில்லை.

நேரமும் ஒரு சிக்கல். ஒரு செய்மதி அதே பாதையில் மீண்டும் வர 12 நாட்களாகும். வேறு பாதையால் இடையில் வந்தாலும், சில மணித்தியாலத்தில் வடிந்த வெள்ளம் தப்பிவிடும். ஆழமும் படத்தில் இல்லை. அதற்கு நிலத்தின் உயரக் கணக்கு வேண்டும். 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட உயரக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது; ஆனால் அதில் சில மீற்றர் பிழை சாதாரணம். ஓரடி நீர் கட்டிலை நனைக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லாது.

அதைச் சுவர் சொல்லும். நீர் உச்சத்தில் நிற்கும்போது சுவரிலோ மரத்திலோ நீர்மட்டத்தில் ஆணியாற் கீறி, திகதியையும் மணியையும் எழுதி வையுங்கள். வடிந்தபின் கீறலுக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்து, எந்த வீடு, எந்த ஒழுங்கை என்பதோடு கொப்பியிற் பதியுங்கள். தொலைபேசியில் படமெடுத்தால் இடக்குறியும் சேர்ந்து பதியுமாறு அமையுங்கள். ஒரு பிரதி கிராம அலுவலரிடம், ஒன்று உங்களிடம்.