நீராவி எஞ்சின் மாதிரி: ஃப்ளைவீலுக்கு இரும்பு எங்கே கிடைக்கும்?

 

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நீராவி எஞ்சின் மாதிரி செய்ய ஆசைப்படும் பிள்ளைகள், சிலிண்டரும் பிஸ்டனும் வரை எப்படியோ வந்துவிடுகிறார்கள். ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரத்துக்கு வரும்போது, வெளியூரில் விற்கும் உதிரிப் பாகங்களின் விலையைக் கேட்டுவிட்டு அட்டையில் வெட்டி ஒட்டுகிறார்கள். அட்டைச் சக்கரம் பார்வைக்கு நன்றாயிருக்கும், எஞ்சின் ஓடாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலேயே கிடைக்கும் இரும்பைக் கொண்டு அந்தச் சக்கரத்தைச் செய்வது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கனம் எதற்கு?

பிஸ்டன் முன்னும் பின்னும் போகிறது. வளைதண்டு அதைச் சுழற்சியாக மாற்றுகிறது. 1206-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தம் நூலில் அறிஞர் அல்-ஜஸரி, நீர் இறைக்கும் பொறி ஒன்றில் வளைதண்டைக் காட்டியிருக்கிறார். ஆனால் பிஸ்டன் இரு கோடிகளையும் தொடும்போது தண்டுகள் நேர்கோட்டில் நின்றுவிடும். அந்த இடத்தில் நீராவி எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் திரும்பாது. இதை ‘டெட் சென்டர்’ என்பார்கள். முன்பே சேர்த்துவைத்த வேகத்தால் அந்த இடத்தைத் தாண்டவைப்பது ஃப்ளைவீல்தான். வீட்டிலுள்ள மிதி தையல் மிஷினைக் கவனியுங்கள். மிதி மேல்கோடியில் நிற்கும் நொடியிலும் ஊசி நிற்பதில்லை. மானாமதுரைக் குயவர் கையை எடுத்த பிறகும் திகிரி சுற்றுவது இதே காரணத்தால்தான்.

எடை எங்கே இருக்க வேண்டும்?

விளிம்பில். அதே எடை மையத்திலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால், அதே வேகத்தில் நான்கு மடங்கு ஆற்றல் சேரும். ஆகவே நடுப்பகுதி மெலிந்தும் விளிம்பு தடித்தும் இருப்பது நல்லது.

எந்த உலோகம்?

75 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. தடிப்பும் உள்ள வட்டத் தகட்டின் கன அளவு சுமார் 66 கன செ.மீ. அதை அலுமினியத்தில் செய்தால் சுமார் 180 கிராம். வார்ப்பிரும்பில் 475 கிராம். எஃகில் 520 கிராம். பித்தளையில் 560 கிராம். பித்தளை கனமானது, விலையும் அதிகம். நமக்கு வார்ப்பிரும்போ எஃகோ போதும்.

எங்கே தேடுவது?

1. பழைய தையல் மிஷினின் கைச்சக்கரம். விளிம்பு தடித்தே வரும். நடுத்துளை பெரிதாக இருந்தால் லேத்தில் ஒரு புஷ் கடைந்து இறுக்கலாம்.

2. எடைக்குப் போடும் விசைத்தறிகளின் வார்ப்பிரும்புப் பற்சக்கரங்கள். பற்களைக் கடைந்து எடுத்துவிட வேண்டும்.

3. உடற்பயிற்சிக் கூடத்தில் கழித்துவிட்ட சிறிய இரும்புத் தட்டு. பிளாஸ்டிக் உறை போட்டதை வாங்க வேண்டாம். உள்ளே சிமெண்ட் இருக்கக்கூடும்.

4. லேத் பட்டறையில் மிஞ்சிய எஃகு உருளைத் துண்டு.

சக்கரம் ஏறும் அச்சுக்கு, பழுதான கணினி பிரிண்டருக்குள் இருக்கும் மெருகேறிய கம்பி நன்றாக உதவும். கம்பி 8 மி.மீ. என்றால் 608 என்ற எண்ணுள்ள பேரிங் சரியாகப் பொருந்தும்.

சோதித்து வாங்குங்கள்

சக்கரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு லேசாகத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கலாம், வேண்டாம். காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியமோ பித்தளையோ ஆகும். துளையிடும்போது தூளாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு, சுருள் சுருளாக வந்தால் எஃகு.

லேத்காரரிடம், நடுத்துளையையும் வெளி விளிம்பையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடிப்பில் கடையச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் ஆடும். பிறகு அச்சோடு சேர்த்து, மட்டமாக வைத்த இரண்டு எஃகு அளவுகோல்களின் விளிம்பில் உருட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அங்கே கனம் அதிகம். அந்த இடத்தில் சிறு துளை போட்டுக் குறைக்கலாம்.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளைகளைத் தனியே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். அத்தாவோ அண்ணனோ உடன் செல்லட்டும். எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் சொல்லத் தயங்கும் பொருளைத் தொட வேண்டாம். நம் ஊர்களின் வழியே ரயில் பாதை போகிறது. திருட்டு ரயில்வே பொருளை வைத்திருப்பதே 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கனத்துக்காக வீட்டில் ஈயம் உருக்காதீர்கள். அதன் புகையும் தூசும் நஞ்சு, சிறு குழந்தைகளுக்கு மிகவும் கேடு. பாய்லரும் வேண்டாம். 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். அடைத்த டப்பா வெடித்துவிடும். சைக்கிள் பம்பின் காற்றே மாதிரி எஞ்சினை ஓட்டப் போதும். ஓடும்போது துப்பட்டா, தலைமுடி, விரல் எதுவும் சக்கரத்தருகே போகக் கூடாது.

பயிற்சி: 80 மி.மீ. விட்டம், 20 மி.மீ. தடிப்புள்ள வார்ப்பிரும்பு வட்டத்தின் எடை என்ன? 1 கன செ.மீ. வார்ப்பிரும்பு 7.2 கிராம் என்று கொள்க. கணக்கைப் போட்ட பிறகு கடைக்குப் போங்கள். அதே அளவுள்ள துண்டைத் தராசில் வைத்து, உங்கள் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.