கொடுமுடி சுந்தராம்பாள்: ஒரு நாடகக் கலைஞரின் வாழ்வு

வானூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வளர்ந்த நாம், இளமை தொட்டே தெருக்கூத்தைக் கண்டு களித்தவர்களாவோம். விடியுமட்டும் நிகழும் அக்கூத்திலே திரௌபதியாகத் தோன்றி நம்மை உருகச் செய்பவர், மரபுப்படி ஓர் ஆடவரே. பெண்ணொருத்தி பலர்முன் நின்று ஆடிப் பாடுதல் இழுக்கென்று கருதிய நாட்டிலே, இசைநாடக மேடையேறிய பெண்கள் எத்தகைய வாழ்வு வாழ்ந்தனர் என்பதை ஈண்டு சிறிது ஆராய்வோம்.

நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் 1922-ஆம் ஆண்டு உயிர்நீத்த சங்கரதாஸ் சுவாமிகளே தமிழ் இசைநாடகத்திற்கு உருக்கொடுத்த பேராசிரியராவார். அவர் நடத்திய பாலர் சபையிலும் பெண்வேடம் தாங்கியோர் சிறுவர்களே. எனினும், அவர் இயற்றிய ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியாகத் தோன்றிப் பெரும்புகழ் எய்தியவர் ஒரு பெண்மணி. அவர்தாம் கே. பி. சுந்தராம்பாள்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-இல் வறிய குடும்பத்திற் பிறந்த அவர், சிறுமியாயிருந்தபோதே வேலு நாயர் நாடகக் கம்பெனியிற் சேர்ந்து பிள்ளை வேடங்களில் நடித்தார். பின்னர் ஸ்பெஷல் நாடகங்களிற் பெயர்பெற்றார். கம்பெனி நடிகர் ஒன்றாக உறைந்து ஒத்திகை பார்ப்பர். ஸ்பெஷல் நாடகத்திலோ, வெவ்வேறூர்களினின்று வந்தோர் அன்றிரவே மேடையிற் கூடுவர், ஒத்திகை இல்லை. எதிர்நிற்பவர் எப்பாட்டைப் பாடினும், எத்தர்க்கத்தைத் தொடுப்பினும், அக்கணமே விடை பகர வேண்டும். ஒலிபெருக்கியில்லாத அக்காலத்திலே கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். இத்தேர்வு இரவுதோறும் நிகழ்ந்தது. இதிலே வென்றவர் சுந்தராம்பாள்.

இலங்கையிலே எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். 1927-இல் இருவரும் மணந்தனர். 1933-இல் கிட்டப்பா தமது இருபத்தேழாம் வயதிற் காலமானார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வெண்ணிற ஆடை பூண்ட அவர், எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லையென உறுதிகொண்டார். வள்ளி வேடத்தால் வாழ்ந்த ஒரு நடிகைக்கு இவ்வுறுதி பிழைப்பையே இழக்கச் செய்வதன்றோ!

ஆயினும் அவர் குரல் அவரைக் கைவிடவில்லை. 1935-இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் ஆண்வேடம் பூண்டு நடிக்க இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். ஆடவர் பெண்ணாக நடித்த நாட்டிலே, பெண்ணொருவர் ஆடவராக நடித்து அக்காலத்தோர் வியக்கும் பொருளீட்டினார். 1940-இல் மணிமேகலையாகவும், 1953-இல் ஔவையாராகவும், 1964-இல் ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகளாகவும் தோன்றினார். தேசிய இயக்க மேடைகளிலும் பாடிய அவர், 1951-இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார், 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980-இல் மறைந்தார்.

இவ்வரலாற்றினின்று நாம் அறியத்தக்கது யாது? நடிகையின் பாட்டை விரும்பிய சமூகம் நடிகையை மதிக்கத் தயங்கியது. அம்மதிப்பைச் சுந்தராம்பாள் பெற்றது உண்மையே. ஆனால் அதற்கு ஒப்பற்ற குரலும், துறவொத்த வாழ்வும் வேண்டியிருந்தன. அவ்விரண்டும் வாய்க்காத நடிகையர் எத்தனை பேர்! மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் வள்ளியாக நடித்து, விடியற்காலையிற் பேருந்தேறி வீடு திரும்பும் பெண்கள் உளர். அவர்கள் துறவு பூண்ட பின்னரே மதிப்போம் என்பது அறமாகுமோ? இரவெல்லாம் உழைத்தோர்க்கு உழைப்பிற்குரிய மரியாதை அளித்தல் நம் கடனாகும்.