பழைய ஜீப்புக்கு பூஸ்டர் பிரேக்

மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை பூட்டத் தொடங்கியது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர் பட்டறையில் கேட்பது பூஸ்டர் பிரேக். நான்கு சக்கரமும் டிரம், ஏறி மிதிக்கணும்.

பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் மூடினால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். பெரும்பாலான டீசலில் திராட்டிலே கிடையாது. ஆகவே மேனிஃபோல்டில் ஹோஸ் சொருகினால் பூஸ்டர் வெறும் அலங்காரம்தான்! வாக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் மாட்ட வேண்டும். பம்புக்கு ஆயில் போக, திரும்ப இரண்டு குழாய். பூஸ்டர் ஹோஸில் ஒருவழி வால்வு அவசியம்.

சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்து நாலைந்து தரம் மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் சற்று இறங்கணும். இறங்காவிட்டால் எங்கோ காற்று கசிகிறது.

சிலர் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டுவார்கள். அப்போது பம்பும் நிற்கும். இரண்டு மூன்று மிதிதான், பிறகு பெடல் கல்லு மாதிரி. பின்சீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள்.