சுருக்கச் சாயமும் சாத்திய கதவும்



கேமரன் மலைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தேயிலை. அடுத்துப் பார்ப்பது லேண்ட் ரோவர். தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் ஏறி கியா பார்ம் போய்ச் சேருவதற்குள் எத்தனை பழைய லேண்ட் ரோவர் எதிரே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி அது. அதன் மூன்றாம் வரிசை 1985-இல் நின்றுபோனது. ஆனால் நம் மலையில் அதன் வேலை இன்னும் நிற்கவில்லை.

பழைய வண்டி இருக்கிற இடத்தில் பழுது பார்க்கிற கையும் இருக்கும். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் கொட்டகையில் நாலு காசு பார்க்கிற தோழர்கள் உண்டு. பழைய கார்களைப் புதுப்பித்து வைத்துக்கொள்கிற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. அதில் ஒரு வேலைதான் இன்ஜின் மூடி போன்ற சாமான்களில் பழைய 'ரிங்கிள்' சாயத்தை உரித்து, புதிதாக அடித்துக் கொடுப்பது. பார்த்தால் சின்ன வேலை. ஆனால் ஆளைக் கொல்லவும் செய்யும். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுகிறோம்.

இந்தச் சாயம் எப்படிச் சுருங்குகிறது?

பால் காய்ச்சி ஆறும்போது மேலே ஆடை படிந்து சுருங்குவதைத் தாய்மார்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஏறக்குறைய அதே மாதிரிதான் இதுவும். சீனத்து டங் எண்ணெய் போன்ற, காற்றுப் பட்டால் காய்கிற எண்ணெயைக் கலந்து இந்தச் சாயத்தைச் செய்தார்கள். தடிப்பாக அடித்தால் மேல்தோல் முதலில் காயும். அடிப்பாகம் ஈரமாகவே இருக்கும். காய்கிற மேல்தோல் விரியப் பார்க்கும். விரிய இடம் இல்லாமல் மடிந்து சுருக்கு விழும். வார்ப்பில் உள்ள குறைகளை அது மறைக்கும். வெளிச்சத்தில் கண்ணைக் கூசவும் வைக்காது. 1930-களில் அமெரிக்காவில் இது பரவலாகி, கருவிப் பெட்டி, தட்டச்சு இயந்திரம், மோட்டார் சாமான் எல்லாவற்றிலும் ஏறியது.

அழகு தருகிற அந்தச் சுருக்கில்தான் ஆபத்தும் குடியிருக்கிறது. சுருக்கின் பள்ளத்திலே நாற்பது ஐம்பது வருஷத்து எண்ணெயும் அழுக்கும் உட்கார்ந்திருக்கும். சுரண்டுகிற தகடு மேட்டைத்தான் தொடும், பள்ளத்தைத் தொடாது. "இது லேசிலே வராதுப்பா" என்று நாம் மூன்று வழிக்குப் போகிறோம்: கம்பிச் சக்கரத்தை வைத்து அரைப்பது, நெருப்பைக் காட்டிப் பொசுக்குவது, கடுமையான மருந்தை ஊற்றுவது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரைப்பதும் பொசுக்குவதும்

பழைய காலத்துச் சாயங்களில் நிறத்துக்காகவும் துருப் பிடிக்காமல் இருக்கவும் ஈயம் சேர்த்தார்கள். அடிச்சாயமாகப் பூசிய 'ரெட் லெட்' என்பதே ஈயந்தான். சாமானைக் கையில் எடுத்ததும் எதில் ஈயம் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே பழைய சாயம் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

காய்ந்த சாயத்தைக் கம்பிச் சக்கரத்தால் அரைத்தால் அந்த ஈயம் தூளாகப் பறக்கும். நெருப்புச் சுடரைக் காட்டினால் புகையாக ஏறும். மூச்சு வழியாகவும், கை கழுவாமல் சாப்பிடுகிற சோற்றின் வழியாகவும் உடம்புக்குள் போகும். போன ஈயம் எலும்பில் தங்கிவிடும். வருஷக் கணக்கில் வெளியேறாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, அசதி, ரத்தசோகை, மணிக்கட்டு தளர்ந்து போவது எல்லாம் அதன் வேலை. "வயசாகுது, அதான் அசதி" என்று நாம் தேற்றிக்கொள்கிறோம்.

இதைவிடப் பெரிய கவலை வீட்டிலே இருக்கிறது. நீங்கள் விழுங்குகிற ஈயத்தில் உடம்பு உறிஞ்சுகிற பங்கைவிடச் சின்னக் குழந்தையின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். குழந்தைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணித் தாயின் எலும்பில் தங்கியிருக்கிற ஈயமும் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். கொட்டகையிலிருந்து வந்ததும் அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறோமே, அங்கேதான் ஈயம் கைமாறுகிறது.

மருந்து ஊற்றுவது

சாயம் உரிக்கும் மருந்துகளில் சட்டென்று வேலை செய்வது மெத்திலீன் குளோரைடு கலந்தது. டைகுளோரோமீத்தேன் என்பதும் அதேதான். தடவின கொஞ்ச நேரத்தில் சாயம் கொப்பளித்து எழும்பும். அதனால்தான் எல்லாருக்கும் அதன்மேல் ஆசை.

இந்தத் திரவம் 40 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அதாவது குளிர்ந்த கொட்டகையிலும் வேகமாக ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் கீழே தேங்கும். தரையில் குந்தி வேலை செய்கிறவரின் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். முதலில் கள் குடித்த மாதிரி தலை கிறுகிறுக்கும், பிறகு நினைவு தப்பும், மூச்சு நின்றுபோகும். அதோடு உடம்புக்குள் போன மருந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் கரி அடுப்பு எரித்தால் உண்டாகிற அதே நஞ்சுதான். வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் உடம்பு அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இருதய நோய் உள்ளவருக்கு அதுவே போதும்.

அமெரிக்காவில் 1980 முதல் 2018 வரை இந்த ஒரு மருந்தால் 85 பேர் இறந்ததாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். பலர் குளியலறை போன்ற மூடின இடத்தில் சாயம் உரித்தவர்கள். சாயம் உரிக்கும் மருந்தாக இதைப் பொதுமக்களுக்கு விற்பதை அந்த நாட்டு அரசு 2019-இல் தடை செய்தது. 2024-இல் தொழிற்சாலைப் பயன்பாட்டிலும் பெரும்பகுதிக்குத் தடை போட்டது.

"நான் முகமூடி போட்டுக்கிறேனே" என்று கேட்பீர்கள். துணி முகமூடியும் தூசு முகமூடியும் ஆவியைத் தடுக்காது. சாதாரண ரப்பர் கையுறையையும் இந்த மருந்து சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும்.

சிலர் செலவைப் பார்த்துக் காஸ்டிக் சோடா கரைசலில் சாமானை ஊறப் போடுகிறார்கள். அலுமினியச் சாமானுக்கு அது கூடவே கூடாது. அலுமினியத்தைத் தின்றுவிடும், தீப்பற்றுகிற ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பார்வை போகலாம். பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் மலையின் சங்கடம்

கீழே ஈப்போவில், பினாங்கில் இந்த வேலையைச் செய்கிறவன் வெக்கை தாங்காமல் கதவைத் திறந்து வைத்திருப்பான். நம் கதை வேறு. சாயங்காலம் பனி இறங்கும். மழை சாரல் அடிக்கும். கை விறைக்கும். சுருக்கச் சாயத்துக்கும் குளிர் பிடிக்காது. சூடு போதாவிட்டால் சுருக்கு சரியாக விழாது. உடனே என்ன செய்கிறோம்? கதவைச் சாத்துகிறோம். சந்திலே சாக்கைத் திணிக்கிறோம். அடுப்பையோ விளக்கையோ பக்கத்தில் வைக்கிறோம். மருந்து ஆவி, ஈயத் தூசு, சாயப் புகை, நெருப்பு எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடைபட்டு, நடுவிலே நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

தோழர்களே, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: சாத்திய கதவுதான் எமன். குளிருக்குச் சாமானைச் சூடு பண்ணுங்கள். கொட்டகையைச் சூடு பண்ணாதீர்கள்.

எப்படிச் செய்யலாம்?

1. வேலையை வெளியிலோ, இரண்டு பக்கமும் திறந்த தாழ்வாரத்திலோ, உச்சிப் பொழுதில் வெயில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசட்டும்.

2. முதலில் சோப்புத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு எண்ணெய் அழுக்கைக் கழுவுங்கள். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை நனைத்துத்தான் எடுக்க வேண்டும். கம்பிரசர் காற்றால் ஊதவே ஊதாதீர்கள்.

3. மருந்து வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். 2013-ஆம் ஆண்டு விதிப்படி அபாயக் குறிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 'பஹாயா' என்றால் ஆபத்து. 'அமாரான்' என்றால் எச்சரிக்கை. மெத்திலீன் குளோரைடு இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பென்சைல் ஆல்கஹால் கலந்த களிம்பு மருந்து கேளுங்கள். தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனாலும் செய்யும். அதற்கும் கையுறை, கண்ணாடி வேண்டும்.

4. இளகிய சாயத்தை ஈரமாகவே, பித்தளைத் தூரிகையால் சுருக்கின் பள்ளம் வரை தேய்த்து எடுங்கள். உலர விட்டு அரைக்காதீர்கள். வழித்த கழிவை டின்னில் அடைத்து வையுங்கள். ஓடையிலே ஊற்றினால் கீழே இருக்கிற காய்கறிக் கொல்லைக்குத்தான் போகும்.

5. புதுச் சாயம் அடிக்கும் முன் சாமானை வெயிலில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். தடிப்பாக மூன்று பூச்சு. நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, சாய்வாக ஒன்று. இடையில் ஐந்து நிமிஷம் போல விடுங்கள், டப்பாவில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி செய்யுங்கள். சுருக்கு விழச் சூடு தேவையானால் அதற்கென்றே ஒரு பழைய மின் அடுப்பை வெளியில் வையுங்கள். சாயம் அடிக்கிற இடத்துக்கும் அடுப்புக்கும் நல்ல தூரம் இருக்கட்டும். அந்த ஆவி தீப்பிடிக்கும். ரொட்டி சுடுகிற அடுப்பிலே சாயம் காய வைக்காதீர்கள். சிகரெட்டும் வேண்டாம்.

6. வேலை முடிந்ததும் அங்கேயே சட்டையை மாற்றி, கை முகம் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள். அந்தச் சட்டையைப் பிள்ளைத் துணியோடு போட்டுத் துவைக்காதீர்கள்.

யாராவது மயங்கி விழுந்துவிட்டால் உள்ளே பாயாதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவது இந்த விபத்தில் நடக்கக்கூடியது. கதவு சன்னலைத் திறந்து, ஆட்களைக் கூப்பிட்டு, 999-க்குச் சொல்லுங்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்து டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். டாக்டருக்கு அதுதான் முதல் தகவல்.

உரிமையும் உண்டு

தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைச் செய்யச் சொன்னால், காற்றோட்டமும் தக்க பாதுகாப்புச் சாமானும் கொடுப்பது முதலாளியின் கடமை. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு இரசாயன விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்கத் தவறினால் அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். பயந்து மென்று விழுங்க வேண்டியதில்லை. கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். சொந்தமாகச் செய்கிறவர்கள், 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தங்கள் தொழிலைப் பதியலாமா என்று பெர்கேசோவில் விசாரியுங்கள். அடிக்கடி இந்த வேலை செய்கிறவர்கள் ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கைத்தொழில் தெரிந்தவன் பட்டினி கிடக்க மாட்டான் என்பார்கள். உண்மைதான். அந்தக் கை நடுங்காமல், அந்த மூச்சு இளைக்காமல் இருந்தால்தானே தொழில்? மூடியில் சுருக்கு நன்றாக விழட்டும். கொட்டகைக் கதவு திறந்தே இருக்கட்டும்.